கோரைத்திட்டு ஆட்டு மிதவை

ஜூன் 9

கோரைத்திட்டுக்கு இன்றுதான் முதல் முறை போனேன். கொள்ளிடம் கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. நடுவில் மிஞ்சிய மணல்மேடுதான் திட்டு. ஒரு பக்கம் பெரிய ஆறு, இன்னொரு பக்கம் எந்நேரமும் மார்பளவு தண்ணீர் நிற்கிற கிளை வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் உயரமான ஆற்றங்கரை. கரைமேல் தார் ரோடு, பள்ளிக்கூடம். திட்டில் வீடுகள் கொஞ்சம், ஆடுகள் நிறைய. எத்தனை ஆடு என்று கேட்டால் எண்ணமாட்டார்களாம். எண்ணினால் குறையுமாம். இந்த லட்சணத்தில் ஆட்டு மிதவை கட்ட எனக்கு மொத்த எடை வேண்டும்.

பிரச்சினை இதுதான். மழை எங்கோ கர்நாடகத்தில் பெய்கிறது. மேட்டூர் நிரம்பி, உபரி நீர் கொள்ளிடத்தில் வருகிறது. இங்கே வானம் நீலமாக இருக்கும்போதே வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்துவிடும். முன்பெல்லாம் எப்போதோ ஒரு முறை வந்தது. இப்போது வருடா வருடம். முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது, படகும் வருகிறது. ஆனால் ஆட்களில் பாதிப் பேர் ஏறுவதில்லை, படகில் ஆட்டை ஏற்ற முடியாது என்பதால். போன வருடம் பிடாரி கோயில் பூசாரி அஞ்சாப்புலி ஆடுகளோடு கூரைமேல் உட்கார்ந்துகொண்டார். சுவர் கரைந்து கூரை இறங்கியது. கால் முறிந்து, இன்னும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

அவரிடம் நேராகவே கேட்டேன், ஆட்டுக்காகச் சாகப் பார்த்தீர்களா என்று. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"நீங்க எதுக்காகச் சாவலாம்னு இருக்கீங்க சார்?"

அவர் மகள். பெயர் தையல்நாயகி.

ஜூன் 10

கேள்வி சரி, கேட்ட விதம்தான் தவறு என்றார் ஸ்டெல்லா மேடம். எங்கள் அறக்கட்டளையின் சீர்காழி அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. விதத்துக்கு எனக்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் வந்ததில்லை.

ஜூன் 17

வரைபடம் முடிந்தது. பிளாஸ்டிக் டிரம்களை இரும்புச் சட்டத்தில் கட்டி, மேலே மூங்கில் தளம். சுற்றிக் கம்பி. திட்டிலிருந்து கரைக்கு வாய்க்காலின் குறுக்கே ஒரு கயிறு. மிதவையின் வளையம் அந்தக் கயிற்றில் ஓடும். நாலு பேர் நின்று இழுத்தால் மறுகரை. வாய்க்காலில் தண்ணீர் ஏறினாலும் இழுப்பு வேகமெடுக்கும் முன் இரண்டு மூன்று நடை அடிக்கலாம். மோட்டார் இல்லை, டீசல் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. எனக்கே பிடித்திருந்தது.

மிதவையை மகளிர் குழு பராமரிக்க வேண்டும். குழுத் தலைவி அதே தையல்நாயகி. பி.காம் முடித்துவிட்டு ஆடு மேய்க்கிறாள். ஏன் என்று கேட்டேன். பி.காம் படித்தவள் மேய்த்தால் ஆடு வேண்டாம் என்கிறதா என்று திருப்பிக் கேட்டாள். நான் திருப்பூர். என் பேச்சில் வருகிற 'ங்க'வை எண்ணிக்கொண்டிருந்தாள் போல. கூட்டம் முடியும்போது, மரியாதை கொடுத்தே ஆளைத் திட்ட உங்கள் ஊரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள்.

மிதவையில் ஆளும் ஏறலாமா என்று கேட்டாள். ஏறலாம், ஒரு ஆள் இரண்டு ஆட்டுக்குச் சமம் என்றேன்.

"இத எங்க அத்தகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். அது நாலு ஆடு."

அத்தை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

ஜூலை 2

வெல்டிங் முடிந்து தண்ணீரில் இறக்கினோம். மிதக்கும் என்று கணக்கு சொன்னது, மிதந்தது. இதற்கு ஏன் இவ்வளவு குலவை என்று புரியவில்லை. புதிதாக அடித்த பெயிண்டின்மேல் சந்தனத்தைத் தடவினார்கள். வெல்டு போட்ட இடத்திலேயே தேங்காய் உடைத்தார்கள். அங்கே உடைக்காதீர்கள் என்று கத்தினேன். அஞ்சாப்புலி, தேங்காய்க்கே தாங்காதது வெள்ளத்துக்குத் தாங்குமா தம்பி என்றார். பதில் இருந்தது. சொல்லவில்லை. முன்னேற்றம்.

ஜூலை 8

ஒத்திகை. எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

ஆடு தானாக ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆகவே மிதவையின் முன்முனையில் அகத்திக் கீரையைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டேன். அற்புதமான யோசனை. ஆடுகள் ஓடி வந்து ஏறின. ஓடி வந்த வேகத்திலேயே எல்லாம் முன்முனைக்குப் போய்விட்டன. ஆடுகள் தளம் முழுக்கச் சீராகப் பரவி நிற்கும் என்பது என் கணக்கு. முன்முனை முங்கியது, பின்முனை எழும்பியது. பின்முனையில் நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்த நான் ஆடுகளின் முதுகுமேல் சறுக்கி, கீரையோடு சேர்ந்து வாய்க்காலில் விழுந்தேன். ஆடுகள் திரும்பித் திட்டுக்கே நீந்திப் போய்விட்டன. ஒன்றுக்கும் அடியில்லை. என் வாயில் அகத்தி.

கைகொடுத்துத் தூக்கியது தையல்நாயகி. தூக்கும்போது சிரிக்கவில்லை. தூக்கிவிட்டுப் பனைமரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். மரம் ஒல்லி. முழுக்கத் தெரிந்தது.

ஜூலை 9

தவறு என்னுடையது. ஆட்டின்மேல் பழி போடப் பார்த்தேன், முடியவில்லை. தளத்தைத் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரிக்க வேண்டும். அறைக்கு ஒரு கட்டுக் கீரை.

ஜூலை 15

இரண்டாம் ஒத்திகை. தடுப்பு வேலை செய்தது. கொஞ்சம் ஆடுகளை ஏற்றி, இழுத்து, இறக்கி, திரும்பக் கொண்டுவந்தோம். யாரும் விழவில்லை. எல்லோருக்கும் அதில் ஏமாற்றம்.

போகும்போது தையல்நாயகி படகுத்துறை வரை வந்தாள். இது மேய்ந்து வயிறு நிறைந்த ஆடு, கீரைக்கு வரும், வெள்ளத்தன்று வராது என்றாள். பயந்த ஆடு தீனியைப் பார்க்காதாம், கிடாவைத்தான் பார்க்குமாம். திட்டின் ஆடுகள் எல்லாம் ஒரே கிடாவின் பின்னால்தான் போகும். கரிய, பெரிய கிடா. ஒத்திகை முழுக்க ஒரு மேட்டில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி.

சரி, அதைக் கயிறு போட்டு முதலில் ஏற்றிவிடலாம் என்றேன். அங்கேதான் சிக்கல். அது பிடாரிக்கு நேர்ந்துவிட்ட கிடா. ஆடி கடைசி வெள்ளிக்கு உரியது. அதுவரை அது அம்மனின் சொத்து. கயிறு போடக்கூடாது, அடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது. யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் கேட்கக்கூடாது. அப்பாவிடம் கேட்டால், அம்மன் சொன்னால் ஏறும் என்கிறாராம்.

"அவ சொல்லலன்னா?"

"அப்பா எறங்க மாட்டாரு. போன வருசம் மாதிரியே." படகின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். "அவரு இல்லாம நானும் வர மாட்டேன் சார். அதனால அந்த கிடா ஏறியாவணும்."

டிசைனில் இது இல்லை.

ஜூலை 20

மிதவையின் போல்ட்டுகளைச் சரிபார்க்கத் திட்டுக்குப் போனேன். இறுக்கமாக இருந்தன.

ஜூலை 22

போல்ட்.

ஜூலை 24

இவ்வளவு இறுகிய போல்ட் மாவட்டத்திலேயே வேறு எங்கும் இருக்காது என்றார் ஸ்டெல்லா மேடம். உப்புக்காற்றில் துரு பிடிக்கும், அடிக்கடி பார்ப்பதுதான் முறை என்று விளக்கினேன். அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஃபைல் மூடியிருந்தது.

பூனா கம்பெனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. நல்ல சம்பளம். ஆகஸ்டில் சேர வேண்டும். பம்ப் டிசைன். பம்புக்கு அம்மன் கிடையாது, அப்பா கிடையாது.

ஜூலை 30

மேட்டூரில் உபரி நீர் திறப்பு. நாளை மறுநாள் இங்கே வந்துவிடும்.

ஆகஸ்ட் 1

விடிந்ததும் திட்டில் இருந்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் கலங்கி, நுரையும் வைக்கோலுமாக ஓடத் தொடங்கியிருந்தது. குழந்தைகள், வயதானவர்கள், அரிசி மூட்டைகள் எல்லாம் படகுகளில் முதலிலேயே கரைக்குப் போய்விட்டன. குழுப் பெண்கள் அறை அறையாகக் கீரை கட்டி மிதவையைத் தயாராக வைத்திருந்தார்கள். எனக்கு வேலையே இல்லை. அதனால் எல்லோருக்கும் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தையல்நாயகி சொன்னதுதான் நடந்தது. ஒரு ஆடுகூடக் கீரையைப் பார்க்கவில்லை. எல்லாம் கிடாவைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. கிடா மிதவைக்கு முன்னால் நின்று தண்ணீரைப் பார்த்தது. அசையவில்லை. கயிற்றை எடுத்தேன். அஞ்சாப்புலி என் கையிலிருந்து அதை வாங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவ புள்ளைய நான் எப்படித் தம்பி கட்டி இழுப்பன்? உத்தரவு கேப்பம்."

உத்தரவு என்றால் இது. கிடாவுக்கு மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் அம்மன் சம்மதித்தாள் என்று அர்த்தம். வெட்டுவதற்கு முன் கேட்கிற வழக்கம். ஏறுவதற்குக் கேட்பது இதுதான் முதல் தடவையாம். உதறாவிட்டால்? காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? அது அவளுக்குத்தான் தெரியும்.

முழங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இந்த நிலையில் ஒரு ஊரே கையைக் கட்டிக்கொண்டு ஆட்டைப் பார்த்து நின்றதை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. முதல் செம்புத் தண்ணீரை முதுகில் ஊற்றினார். கிடா கழுத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைக் கடித்து மென்றது. உதறவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இழுப்பு அதிகமாகும், கயிறு தாங்கும், இழுக்கிற கை தாங்காது என்று நான் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தையல்நாயகி என் பக்கம் வந்து மெதுவாக, வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள். நின்றேன்.

இரண்டாவது செம்பும் முதுகில்தான். கிடா இன்னொரு பூவைத் தின்றது. யாரோ ஒரு அம்மாள், மாலை முடிந்தால் உதறுமோ என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில் படி வரை தண்ணீர் வந்திருந்தது. அஞ்சாப்புலி மகளிடம், நீ ஆளுங்களோட படகுல போயிடு என்றார். அவள் படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில், தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வரை நனைந்தது.

"நீ ஏறுனா ஏறுறன். நீ எப்ப வேணா கேட்டுக்க. எனக்கு அவசரம் இல்ல."

எனக்கு இருந்தது. ஆனாலும் நானும் படகுக்குப் போகவில்லை.

பூசாரி கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. செம்பை மொண்டார். மூன்றாவது தண்ணீரை முதுகில் ஊற்றவில்லை. காதில் ஊற்றினார்.

கிடா தலையிலிருந்து வால்வரை அப்படி உதறியது. மஞ்சள் தண்ணீர் என் கண்ணாடி முழுக்கத் தெறித்தது. குலவைச் சத்தம் கரைவரை கேட்டிருக்கும்.

காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும். நான் பார்த்தேன். தையல்நாயகியும் பார்த்தாள். பூசாரி எங்கள் இருவரையும் பார்த்தார். சொல்ல வேண்டியது எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அஞ்சாப்புலி காலை இழுத்துக்கொண்டு முதலில் அவரே மிதவையில் ஏறினார். கிடா அவர் பின்னால் ஏறியது, என்னவோ காலையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்த மாதிரி. அதன் பின்னால் ஆடுகள், ஆடுகள், ஆடுகள். முதல் நடையில் கிடாவும் பெருங்கூட்டமும் போயின. கரையில் கிடா நின்று கத்த, திட்டில் மிச்சமிருந்தவை அந்தக் குரலுக்கே அடுத்த நடைகளில் ஏறின. கடைசி நடையில் கயிறு இழுத்தோம். இழுப்பு பலமாகிவிட்டது. என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்தது. எனக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்த அத்தை திரும்பி, நாலு ஆடு ஏறியிருக்கிறேனே, பாரம் தெரிகிறதா என்று கேட்டார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். சிரித்தால் இழுக்க முடியாது. ஆனாலும் மிதவை வந்துவிட்டது.

திட்டில் யாரும் இல்லை. ஒருவர்கூட இல்லை.

ஆகஸ்ட் 2

திட்டு முழுகிவிட்டது. பனைமரத் தலைகளும் கோயில் கலசமும் தெரிகின்றன. அஞ்சாப்புலி வீட்டுக் கூரை தெரியவில்லை. அவர் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறார். எதிரே நானும் குடித்தேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வீட்டை முழுக்கிய ஆற்றுக்கே படையல் போடுகிற ஊரை இன்றுதான் பார்க்கிறேன். ஆற்றைக் கும்பிட எங்கேயும் நடந்து போக வேண்டாம், அதுவே கரைக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு பெண்கள் கரையிலேயே அடுப்பு மூட்டினார்கள். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சம்பழச் சோறு. காதோலை கருகமணியை ஆற்றில் விட்டார்கள். போன வருடம் இதே நாளில் முகாமில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்களாம். ஆடு எங்கே என்று தெரியாது, அஞ்சாப்புலி எங்கே என்று தெரியாது. இந்த வருடம் ஆடுகள் பள்ளிக்கூட மைதானத்தின் புல்லை முடித்துவிட்டு, தலைமையாசிரியர் வளர்த்த குரோட்டன்ஸ் செடிகளைத் தின்றுகொண்டிருந்தன. புகார் என்னிடம் வந்தது. ஏற்பாடு செய்தது நான்தானாம்.

மஞ்சள் கயிறு கட்டினார்கள். பெண்களுக்குக் கழுத்தில், ஆண்களுக்குக் கையில். எனக்கு அத்தை கட்ட வந்தார். பிறகு கயிற்றைத் தையல்நாயகியிடம் கொடுத்துவிட்டு, பார்வை மங்கல், முடிச்சுப் போட வரவில்லை என்றார். அதே அத்தை அரிசியில் கல் பொறுக்குவதை அரை மணி நேரம் முன்புதான் பார்த்தேன்.

அவள் போட்ட முடிச்சு சரியில்லை. சும்மா இருமுறை சுற்றியது. அவிழவும் மாட்டேன் என்கிறது. சோதித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11

தண்ணீர் வடிந்து எல்லோரும் திட்டுக்குத் திரும்பினார்கள். சுவர்கள் போன வீடுகள் உண்டு. மண் சுவர் இனி வேண்டாம், தூண்மேல் வீடு என்று பேச்சு தொடங்கியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசியது அஞ்சாப்புலி. கீழே ஆடு, மேலே ஆள் என்று விரலால் மணலில் வரைந்து காட்டினார். தூண் கணக்கு நான் போட வேண்டுமாம். எப்போது என்று கேட்டேன். இப்போதே என்றார். என்னைவிட அவசரக்காரர்.

பிடாரி கோயிலுக்குள் இடுப்பளவு மணல். தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து கும்பாபிஷேகம் ஆகும்வரை பலி கிடையாது என்று பூசாரி சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் ஆகும் என்று ஊர் கேட்டது. மெதுவாகத்தான் தோண்ட வேண்டும், அவசரப்படக்கூடாது என்றார். கிடா இப்போது யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் போடுகிறார்கள்.

ஆகஸ்ட் 18

பூனாவுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். காரணங்கள்: தூண் வீட்டுக்கு மண் பரிசோதனை செய்ய வேண்டும். மிதவையின் வளையத்தை மாற்ற வேண்டும். பக்கத்துத் திட்டிலும் மிதவை கேட்கிறார்கள். உப்புக்காற்று.

ஸ்டெல்லா மேடத்திடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "போல்ட்ட விட்டுட்டியே லோகநாதன்" என்றார்.

ஆகஸ்ட் 29

மறுபடி உபரி நீர். காலையில் அலுவலகத்துக்குத் தகவல் வந்ததும் பைக்கை எடுத்தேன். போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் வெள்ளம். போன தடவைதான் பிழைத்துவிட்டோமே என்று மெத்தனமாக இருப்பார்கள். மறுபடி மாலை, மறுபடி செம்பு. வழி முழுக்க மனசுக்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

கரையில் ஏறி வளைவு திரும்பியதும் பிரேக் போட வேண்டியதாகிவிட்டது. ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் ஆடுகள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, கரையின் இரு சரிவிலும், நடுவிலும், படுத்தும் நின்றும் அசைபோட்டும். ஆடுகளுக்கு அப்பால் அடுப்புப் புகை. வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் தெளிந்தே கிடந்தது. வெள்ளம் இன்னும் வந்து சேரவே இல்லை. மிதவை இந்தக் கரையில் கட்டிக் கிடந்தது, வெறுமையாக.

அஞ்சாப்புலி புளியமரத்தடியில் உட்கார்ந்து போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து அணையின் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தகவல் இப்போதுதான் வந்ததா தம்பி என்று விசாரித்தார். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அவர்கள் நேற்றே கரைக்கு வந்துவிட்டார்களாம். மற்றவர்கள் போனை மூட்டைக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள், இவர் அணையைப் பார்க்கும்போது யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லையாம். உத்தரவு கேட்டீர்களா என்று கேட்டேன். ஒரு தடவை கேட்டால் போதும், ஏறச் சொன்னவள் வருடா வருடம் வேறு மாதிரியா சொல்வாள் என்றார்.

எச்சரிக்க யாரும் இல்லை. செய்ய எதுவும் இல்லை. தூண் வீட்டு வரைபடத்தையாவது மறுமுனையில் இருக்கிற பள்ளிக்கூட முகாமில் கொடுத்துவிடலாம் என்று வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தேன். ஒரு ஆடு காதை அசைத்தது. இன்னொரு முறை அடித்தேன். கிடா எழுந்து வந்து என் முன்சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டது.

சரிவிலிருந்து தையல்நாயகி, தலையில் தழைக்கட்டோடு ஏறி வந்தாள்.

"ஏங்க, சும்மா அடிக்காதீங்க. இப்பதான் எல்லாம் அசந்து படுத்துருக்கு. வெயில் தாழ்ந்தா தானா எழுந்துக்கும்."

சார் என்று சொல்லவில்லை. கவனித்தேன். அவ்வளவுதான்.

அதுவரை நான் என்ன செய்வது என்று கேட்டேன். தழைக்கட்டில் பாதியைப் பிரித்து என் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துவிட்டு, உட்காருங்கள் என்று சொல்லிப் போனாள். வண்டியை அணைத்தேன். ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து தழையை இழுத்தன. வெயில் தாழ இன்னும் வெகுநேரம் இருந்தது. எனக்கு வேறு வேலை எதுவும் ஞாபகம் வரவில்லை.